மீன் ஏலக் கணக்கு ரிப்போர்ட் காலைல தொங்குது, ஹைபர்நேட்ட தூக்கிட்டு நேரா ஜேடிபிசி எழுதிடலாமா?

ஏப்ரல் 22, இரவு 9:40 – கேள்வி, தங்கச்சிமடத்துல இருந்து

அண்ணே, ஒரு மீன் கம்பெனிக்கு ஏலக் கணக்கு சாஃப்ட்வேர் பாத்துக்கிறேன். ஜாவால ஸ்பிரிங் பூட், டேபிள் வரிசைய ஜாவா பொருளா மாத்துற ஓஆர்எம் கருவி ஹைபர்நேட் 6, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். முதல்ல எழுதினவரு வேலைய விட்டுப் போயிட்டாரு. விசைப்படகு கரைக்கு வர்ற செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைல டெய்லி ரிப்போர்ட்ட திறந்தா அரை நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கு. அது போக விடியக்காலைல போட்ட ஏலம் சிலது முந்தின நாள் கணக்குல போய் உக்காந்துக்குது, சம்மாட்டிங்க (படகு முதலாளிங்க) சண்டைக்கு வர்றாங்க. ஓஆர்எம்னாலே இப்படித்தான்னு கூட வேலை பாக்குறவரு சொல்றாரு. மீன்பிடி தடைக்காலம் முடியுறதுக்குள்ள எல்லாத்தையும் ஜேடிபிசி-ல (எஸ்கியூஎல் குவெரிய நாமளே கையால எழுதுறது) திருப்பி எழுதிடலாமா?

ஏப்ரல் 22, இரவு 11:15

வேண்டாம் தம்பி. இன்னைக்கு ராத்திரி எந்த கோடையும் தொடாத.

நீ சொன்னது ரெண்டும் ரெண்டு வேற வியாதி. ஒண்ணு குவெரி எண்ணிக்கை, இன்னொண்ணு நேரம். ஜேடிபிசி-க்கு மாத்தினாலும் ரெண்டாவது அப்படியே இருக்கும், முதலாவதை நீயே கையால மறுபடி எழுதி வெச்சிருப்ப.

முதல்ல டேட்டாபேஸுக்கு என்ன போகுதுன்னு கண்ணால பாரு. ஷோ-எஸ்கியூஎல் ட்ரூன்னு போட்டா குவெரி மட்டும் கன்சோல்ல கொட்டும், கேள்விக்குறி இருக்குற இடத்துல என்ன மதிப்பு போச்சுன்னு தெரியாது. அதுக்குப் பதிலா லாகிங் செட்டிங்ல ஓஆர்ஜி டாட் ஹைபர்நேட் டாட் எஸ்கியூஎல்-ஐ டிபக்ல வை, ஓஆர்ஜி டாட் ஹைபர்நேட் டாட் ஓஆர்எம் டாட் ஜேடிபிசி டாட் பைண்டை ட்ரேஸ்ல வை. ஆறாவது வெர்ஷன்ல பைண்டுக்கு இதுதான் பேரு. பழைய 5-க்கு எழுதின கட்டுரைய பாத்து பேசிக்-பைண்டர்னு போட்டா ஒண்ணும் வராது, வரலைன்னதும் பாராமீட்டரே போகலைன்னு முடிவு கட்டிடாத. கூடவே ஜெனரேட்-ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ட்ரூ. ஒவ்வொரு செஷன் (ஹைபர்நேட் டேட்டாபேஸோட பேசுற ஒரு சுற்று) முடியும்போதும் எத்தனை ஸ்டேட்மெண்ட் போச்சு, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அதுவே சொல்லும். விசைப்படகு வந்த ஒரு பழைய நாள் ரிப்போர்ட்ட ஒரு தடவ திற, அந்த எண்ண இங்க போடு.

ஏப்ரல் 23, காலை

எழுநூறுக்கு மேல ஸ்டேட்மெண்ட்னு போட்டிருக்க. ஒரே ரிப்போர்ட்டுக்கு. சரி, இதுதான் என் ப்ளஸ் ஒன் (N+1: ஒரு குவெரில எடுத்த ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு குவெரி).

நடக்குறது இதுதான். ஏலச்சீட்டு எல்லாத்தையும் எடுக்க ஒரு குவெரி. அப்புறம் ஒவ்வொரு சீட்டுக்குள்ளயும் இருக்குற மீன் வரிசைய (றால் இவ்வளவு கிலோ, நண்டு இவ்வளவு, கணவாய், சங்காயம்னு) லூப்ல தொடுறப்ப சீட்டுக்கு ஒரு குவெரி. படகுக்கு ஒண்ணு, வியாபாரிக்கு ஒண்ணு. மெனி-டு-ஒன் (பல சீட்டுக்கு ஒரு படகு மாதிரி) எதுவும் சொல்லாம விட்டா ஜேபிஏ-ல (ஹைபர்நேட் பின்பற்றுற ஜாவா விதிமுறை) ஈகர்தான், அதாவது உடனே எடுத்துடும்; ஒன்-டு-மெனி (ஒரு சீட்டுக்குப் பல மீன் வரிசை) லேஸி, அதாவது தொடுறப்பதான் எடுக்கும். ஈகர்னா ஜாயின் போட்டு ஒரே குவெரில கொண்டுவரும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, ஐடி-ய குடுத்து ஃபைண்ட் பண்ணினா அப்படித்தான், ஆனா ஜேபிகியூஎல் (ஜேபிஏ-வோட குவெரி மொழி) எழுதினா நீ எழுதின குவெரி அப்படியே போயிட்டு அப்புறம் ஈகர் எல்லாத்துக்கும் தனித்தனி செலக்ட் போகும்.

ஆப் பாம்பன் கடைல இருக்குற கம்ப்யூட்டர்ல ஓடுது, டேட்டாபேஸ் மும்பைல கிளவுட்லன்னு வேற சொல்ற. போய் வர 40 மில்லி செகண்டுன்னு வெச்சுக்க, எழுநூறு தடவைன்னா 28 செகண்ட். உன் அரை நிமிஷம் இதுலயே வந்துருச்சு. போஸ்ட்கிரெஸ் இதுல ஒரு குத்தமும் பண்ணல, ஒவ்வொரு குவெரியும் அங்க ஒரு மில்லி செகண்டுக்குள்ள முடிஞ்சிருக்கும், அதனாலதான் டேட்டாபேஸ் பக்கம் ஸ்லோ குவெரி லாக்ல எதுவும் சிக்கல.

மெனி-டு-ஒன் எல்லாத்தையும் லேஸி ஆக்கு. ரிப்போர்ட்டுக்குத் தேவையான படகையும் வியாபாரியையும் ஜாயின் ஃபெட்ச்ல (அதே குவெரில சேர்த்து எடுக்குறது) கொண்டு வா.

ஏப்ரல் 23, மதியம்

இன்னொண்ணு, இது முக்கியம். தடைக்காலம் ஏப்ரல் 15-ல ஆரம்பிச்சாச்சு, விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கு, நாட்டுப்படகு சீட்டு மட்டும்தான் வருது. இப்ப ரிப்போர்ட் சட்டுனு வரும். சரியாயிடுச்சுன்னு நினைச்சிடாத. என் ப்ளஸ் ஒன் சீட்டு எண்ணிக்கையோட சேர்ந்து வளர்ற வியாதி. மார்ச் மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை டேட்டாவ எடுத்து டெஸ்ட் டேட்டாபேஸ்ல போட்டு அதுல பாரு. செகண்ட எண்ணாத, ஸ்டேட்மெண்ட எண்ணு. நேரம் நெட்டைப் பொறுத்து மாறும், ஸ்டேட்மெண்ட் எண்ணிக்கை மாறாது.

ஏப்ரல் 25

லேஸி ஆக்கினதும் லேஸி-இனிஷியலைசேஷன்-எக்செப்ஷன் வருதுன்னு எழுதியிருக்க. வரணும். நான் முந்தாநாள் லேஸி ஆக்குன்னு சொன்னப்ப இதையும் சேர்த்து சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

செஷன் மூடினதுக்கு அப்புறம் லேஸி பொருளைத் தொட்டா அது டேட்டாபேஸுக்குப் போக வழி இல்ல, கத்துது. நெட்ல தேடினா முதல்ல வர்ற பதில் எனேபிள்-லேஸி-லோட்-நோ-ட்ரான்ஸ் ட்ரூன்னு போடச் சொல்லும். போடாத. சத்தம் நிக்கும், ஆனா ஒவ்வொரு தொடுதலுக்கும் தனியா ஒரு செஷன் திறந்து மூடும், பழைய எழுநூறு திரும்ப வந்துரும், இந்த தடவ ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல கூட இருக்காது.

ஸ்பிரிங் பூட்ல ஓபன்-இன்-வியூ (ஸ்கிரீன் வந்து முடியுற வரைக்கும் செஷன திறந்தே வெக்கிறது) தானாவே ஆன்ல இருக்கும், ஸ்டார்ட் ஆகும்போது ஒரு வார்னிங் குடுக்கும், யாரும் படிக்கிறதில்ல. அது ஆன்ல இருந்தா ஸ்கிரீன்ல இந்த எக்செப்ஷன் வராது, ராத்திரி ஓடுற ஷெட்யூல்டு ஜாப்ல மட்டும் வரும். உனக்கும் அப்படித்தானே, மெயில் அனுப்புற ஜாப்ல மட்டும்தானே வருது? அந்த ஓபன்-இன்-வியூவ ஆஃப் பண்ணிடு. ஆஃப் பண்ணினா இன்னும் நாலு இடத்துல கத்தும், அந்த நாலு இடமும் தெரியாம குவெரி ஓடிக்கிட்டு இருந்த இடம். ஒவ்வொண்ணுக்கும் என்ன தேவையோ அத சர்வீஸுக்குள்ளயே ஃபெட்ச் பண்ணி எடுத்துட்டு வெளிய வா.

ஏப்ரல் 27

ஜாயின் ஃபெட்ச் பத்தி ரெண்டு எச்சரிக்கை. நான் வேலை பாத்த ஒரு இடத்துல இது ரெண்டும் சேர்ந்து சர்வர் மெமரியையே தின்னுச்சு.

சீட்டோட மீன் வரிசை, செலவு வரிசை (ஐஸ், டீசல், தரகு) ரெண்டையும் லிஸ்டா வெச்சு ரெண்டையும் ஒரே குவெரில ஃபெட்ச் பண்ணினா மல்டிபிள்-பேக்-ஃபெட்ச்-எக்செப்ஷன். உடனே லிஸ்ட்ட செட்டா மாத்துன்னு சொல்வாங்க, மாத்தினா எரர் போயிடும், வியாதி போகாது. ஒரு சீட்டுக்கு 40 மீன் வரிசை, 12 செலவு வரிசைன்னா டேட்டாபேஸ்ல இருந்து 480 வரிசை வரும், ஹைபர்நேட் அத வாங்கி உள்ள பிரிச்சு அடுக்கும். ஒரு கலெக்‌ஷன ஃபெட்ச் பண்ணு, இன்னொண்ண ரெண்டாவது குவெரில எடு, அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள இருந்தா அதே பொருள்ல தானா வந்து சேர்ந்துக்கும்.

ரெண்டாவது, பக்கம் பக்கமா காட்டுற ஸ்கிரீன். கலெக்‌ஷன் ஃபெட்ச் கூட மேக்ஸ்-ரிசல்ட்ஸ் போட்டா லிமிட் டேட்டாபேஸுக்குப் போகாது. மொத்த டேபிளையும் இழுத்துட்டு வந்து மெமரில வெட்டி 20 குடுக்கும். லாக்ல ஒரே ஒரு வார்னிங், அப்ளையிங் இன் மெமரின்னு. ஃபெயில்-ஆன்-பேஜினேஷன்-ஓவர்-கலெக்‌ஷன்-ஃபெட்ச்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ட்ரூ ஆக்கினா வார்னிங்குக்குப் பதிலா எரரே வரும், எல்லா ப்ராஜெக்ட்லயும் முதல் நாளே போட வேண்டியது. வழி என்னன்னா முதல் குவெரில 20 ஐடி மட்டும் எடு, ரெண்டாவதுல அந்த ஐடிக்கு ஃபெட்ச் பண்ணு.

இவ்வளவு தலைவலி வேண்டாம்னா டீஃபால்ட்-பேட்ச்-ஃபெட்ச்-சைஸ் 50-ன்னு வை. லேஸிய தொடுறப்ப ஒண்ணொண்ணா போகாம ஐம்பது ஐடிய சேர்த்து கேக்கும், எழுநூறு பதினஞ்சு சொச்சமா குறையும். ஒரு வரி செட்டிங். யோசிச்சுப் பாத்தா உனக்கு முதல் நாளே இதத்தான் சொல்லியிருக்கணும், மீதிய நிதானமா பண்ணலாம்.

மே 1, மேதினம், கடை லீவு

இப்ப தேதி விஷயம். இது எனக்குப் பிடிச்ச வியாதி, ஏன்னா நம்ம கரைல மட்டும்தான் இவ்வளவு அழகா வெளிய தெரியும். ஆபீஸ் நேரத்துல ஓடுற சாஃப்ட்வேர்ல இது வருஷக்கணக்கா ஒளிஞ்சு கிடக்கும்.

நம்ம நேரம் யுடிசி-ய (உலகப் பொது நேரம்) விட அஞ்சரை மணி நேரம் முன்ன. செவ்வாய் விடியக்காலை 4:15-க்கு ஏலம் விட்டா யுடிசி-ல அது திங்கள் ராத்திரி 10:45. அப்ப காலை 5:30-க்கு முன்னாடி போட்ட சீட்டு மட்டும் முந்தின நாளுக்குப் போகணும், அதுக்கு அப்புறம் போட்டது சரியா இருக்கணும். உன் டேட்டாவ பாரு, அந்தக் கோடு சரியா 5:30-ல விழுந்தா வேற எங்கயும் தேட வேண்டாம்.

உன் லேப்டாப்ல ஏன் வரலைன்னா அங்க ஜேவிஎம் (ஜாவாவ ஓட்டுறது) ஏசியா/கல்கத்தா ஸோன்ல ஓடுது. ராத்திரி ஜாப் ஓடுற சர்வர் யுடிசி-ல ஓடுது. அதே லோக்கல்-டேட்-டைம் டாட் நௌ, ரெண்டு இடத்துல ரெண்டு பதில். போஸ்ட்கிரெஸ்ல வெறும் டைம்ஸ்டாம்ப்னு வெச்சிருந்தா அதுல ஸோன் தகவலே கிடையாது, எந்த மெஷின் எழுதுச்சோ அந்த நேரம். டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்னு வெச்சா உள்ள யுடிசி-ல வெச்சுக்கும்.

ஏலம் விட்ட கணத்த ஜாவாவோட இன்ஸ்டன்ட் டைப்பா வை, ஃபீல்ட டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோனா வை, ஹைபர்நேட்ல ஜேடிபிசி டைம்-ஸோன யுடிசின்னு கட்டிப் போடு, ஸ்கிரீன்ல காட்டுறப்ப மட்டும் நம்ம நேரத்துக்கு மாத்து.

ஆனா இதோட முடியல. உன் சம்மாட்டிங்க சண்டை போடுறது வெறும் ஸோன் பிரச்சினையான்னு எனக்கு சந்தேகம். விசைப்படகு திங்கக்கிழமை காலைல போகுது, செவ்வாய் காலைல வருது. வியாபாரிக்கு அது செவ்வாய்க்கிழமை சரக்கு. சம்மாட்டிக்கும் பங்கு வாங்குற ஆளுங்களுக்கும் அது திங்கக்கிழமை பாடு (அன்னைக்குக் கடலுக்குப் போய் பிடிச்சது). ரெண்டு பேரும் சொல்றது சரி. ஒரு நேரத்துல இருந்து கணக்குப் போட்டு இந்த நாளைக் கண்டுபிடிக்கவே முடியாது. கடலுக்குப் போன நாள்னு ஒரு லோக்கல்-டேட் (நேரம் இல்லாம தேதி மட்டும்), ஏல நாள்னு ஒரு லோக்கல்-டேட், ரெண்டையும் தனி ஃபீல்டா வை, கடைல சீட்டு எழுதுறவரு கிட்ட கேட்டு நிரப்பு. கடலுக்குப் போக டோக்கன் போட்ட தேதி ஏற்கனவே கைல இருக்கும்.

மே 2

பழைய டேட்டாவுக்கு எல்லாத்துக்கும் அஞ்சரை மணி நேரத்த கூட்டிரவான்னு கேட்ட. கூடாது! கடை கம்ப்யூட்டர் எழுதின வரிசை சரியா இருக்கு, சர்வர் எழுதினது மட்டும் தப்பு. எது யார் எழுதினதுன்னு பிரிக்கிற வழிய முதல்ல கண்டுபிடி. பேப்பர் சீட்டு கட்டு இருந்தா அதுல இருந்து ஒரு வாரத்த எடுத்து ஒப்பிட்டுப் பாரு, அப்புறம் அப்டேட் ஓட்டு.

மே 9

கீழக்கரைல இருந்து ஒரு காக்கா (அண்ணன்) கேட்டிருக்காரு, டிரான்ஸாக்‌ஷனல் போட்டும் ரோல்பேக் (எரர் வந்தா செஞ்சத திரும்ப எடுக்குறது) ஆகலைன்னு. ரெண்டே இடம்தான் பாக்கணும் காக்கா. அதே கிளாஸுக்குள்ள ஒரு மெத்தட்ல இருந்து இன்னொரு மெத்தட்ட கூப்பிட்டா ஸ்பிரிங் நடுவுல வெக்கிற ப்ராக்ஸி வழியா போகாது, டிரான்ஸாக்‌ஷனே ஆரம்பிச்சிருக்காது. அப்புறம், செக்டு எக்செப்ஷன் (கையாளச் சொல்லி கம்பைலர் கட்டாயப்படுத்துறது) வீசினா ஸ்பிரிங் ரோல்பேக் பண்ணாது, கமிட் பண்ணிடும். ரன்டைம் எக்செப்ஷனுக்கும் எரருக்கும் மட்டும்தான் ரோல்பேக். உங்க கோட்ல ஃபைல் எழுதுற இடத்துல ஐஓ எக்செப்ஷன் வருதுல்ல, ரோல்பேக்-ஃபார்ல அத சேர்த்துடுங்க.

மே 14

தங்கச்சிமடம் தம்பி புதுசா ஒண்ணு கொண்டு வந்திருக்கான். ஒரு சம்மாட்டிக்கு முன்பணம் குடுத்தது கணக்குல காணோம். ரெண்டு பேரு ஒரே நேரத்துல அந்த சம்மாட்டி பக்கத்த திறந்து வெச்சிருந்தாங்க, ஒருத்தர் முன்பணம் சேர்த்தாரு, இன்னொருத்தர் ஃபோன் நம்பர மாத்தினாரு. ஃபோன் நம்பர் மாத்தினவரு சேவ் பண்ணினதும் முன்பணம் போச்சு.

எப்படின்னா ஹைபர்நேட் ஒரு ஃபீல்டு மாறினாலும் அப்டேட்ல எல்லா ஃபீல்டையும் எழுதும். டைனமிக்-அப்டேட் போட்டா மாறினத மட்டும் எழுதும், ஆனா ரெண்டு பேரும் பாக்கிப் பணத்தையே மாத்தினா அதுவும் காப்பாத்தாது. வெர்ஷன் ஃபீல்டு (ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஏறுற எண்) போடு. அப்டேட்டோட where நிபந்தனைல ஐடி-யோட வெர்ஷனும் சேர்ந்து போகும், யாராவது நடுவுல மாத்தியிருந்தா பூஜ்யம் வரிசை, உடனே ஆப்டிமிஸ்டிக் லாக் எக்செப்ஷன்.

வெர்ஷன் போட்டும் வேலை செய்யலைன்னு சொல்றவங்க எல்லாரும் பண்றது இதுதான்: ஸ்கிரீன்ல இருந்து வந்த டேட்டாவ, டேட்டாபேஸ்ல இருந்து புதுசா எடுத்த என்டிட்டில (டேபிள் வரிசைக்கு ஈடான ஜாவா பொருள்) காப்பி பண்ணி சேவ் பண்றாங்க. புதுசா எடுத்ததுல புது வெர்ஷன்தானே இருக்கும், எங்க மோதும்? பழைய வெர்ஷன செட் பண்ணினாலும் ஹைபர்நேட் கண்டுக்காது, தான் எடுத்தப்ப இருந்த வெர்ஷனத்தான் பாக்கும். வெர்ஷன ஃபார்ம்லயே அனுப்பி, திரும்பி வந்ததும் நீயே ஒப்பிட்டு நிறுத்தணும்.

இதுக்கும் மேல நான் உறுதியா நம்புறது ஒண்ணு இருக்கு. பாக்கிப் பணம்னு ஒரு ஃபீல்ட வெச்சு அத மாத்தி மாத்தி எழுதுற டிசைனே பணக் கணக்குக்கு ஆகாது. முன்பணம் ஒரு வரிசை, ஐஸுக்குக் கழிச்சது ஒரு வரிசை, எல்லாம் இன்சர்ட், பாக்கின்னா அதோட கூட்டுத்தொகை. கடைல இருக்குற நீள நோட்டுல யாரும் பழைய எண்ண அழிச்சு எழுதுறதில்ல, கீழ கீழதான் எழுதுறாங்க. தொகைய பிக்-டெசிமல்ல வை, டபுள்ல வேண்டாம்.

மே 20

தம்பியோட டேபிள்ல ஒரே படகு ரெண்டு தடவ இருக்காம், யூனிக் (ஒரே மதிப்பு ரெண்டு தடவ வரக்கூடாதுங்குற தடை) போட்டும். பேரு அந்தோணியார். நம்ம பக்கம் அந்தப் பேருல படகு நிறைய, அதனால பதிவு நம்பரோட சேர்த்து பாருன்னு சொன்னேன், நம்பரும் ஒண்ணுதான்னான். அப்ப பேரை பைட்டா உடைச்சுப் பாருன்னேன், கிடைச்சது.

ோ-ங்குற குறி யூனிகோட்ல ஒரே குறியீடாவும் வரலாம், ே-யும் ா-வும்னு ரெண்டு குறியீடாவும் வரலாம். ஸ்கிரீன்ல ஒரே மாதிரி தெரியும். டேட்டாபேஸுக்கு ஒண்ணு 11 குறியீடு, இன்னொண்ணு 12. ஜாவாவோட ஈக்குவல்ஸ் ஃபால்ஸ் சொல்லும், யூனிக்கும் விட்டுரும். ொ, ௌ-க்கும் இதே கதை. கீபோர்டு ஆப் ஒண்ணு ஒரு மாதிரி அடிக்குது, பழைய எழுத்துருல இருந்து மாத்தின எக்செல் வேற மாதிரி குடுக்குது.

ஜாவாலயே நார்மலைசர் இருக்கு, என்எஃப்சி-க்கு (ஒரே குறியீடா சேர்த்து வெக்கிற வடிவம்) மாத்தி சேவ் பண்ணு. ஒரு அட்ரிபியூட் கன்வெர்ட்டர் எழுதி பேரு வர்ற எல்லா ஃபீல்டுக்கும் மாட்டு. தேடல் பெட்டில அடிக்கிறதையும் அதே வழியா அனுப்பணும், இல்லைன்னா படகு இருந்தும் இல்லைன்னு வரும். பழையத மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு படகு சீட்டையும் ஒரே ஐடிக்குக் கொண்டு வந்துடு, இல்லைன்னா அப்டேட் ஓட்டுறப்ப யூனிக் தடுக்கும்.

ஆரக்கிள் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. வார்ச்சார்2-ல அளவ சும்மா போட்டா வழக்கமா அது பைட் கணக்கு. யுடிஎஃப்-8-ல தமிழ் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், அந்தோணியாருக்கு மட்டும் 33. அளவு 30-ன்னு வெச்சா சேவே ஆகாது.

மே 28

பழைய எக்செல ஏத்துறது ராத்திரி முழுக்க ஓடுதாம். ஐடி ஜெனரேஷன் ஐடென்டிட்டின்னு (இன்சர்ட் பண்றப்ப டேட்டாபேஸே ஐடி குடுக்குறது) இருக்கு, அதுதான் காரணம். ஐடென்டிட்டின்னா ஒவ்வொரு இன்சர்ட்டையும் ஓட்டினாத்தான் ஐடி தெரியும், அதனால ஹைபர்நேட் இன்சர்ட் பேட்ச்சையே நிறுத்திடும், ஜேடிபிசி பேட்ச்-சைஸ் எவ்வளவு போட்டாலும் பிரயோஜனம் இல்ல. சீக்வென்ஸுக்கு (ஐடிய முன்னாடியே கொத்தா வாங்கி வெக்கிறது) மாத்து. அலொகேஷன்-சைஸ் சும்மா விட்டா 50, டேட்டாபேஸ் சீக்வென்ஸோட இன்கிரிமெண்டையும் 50-ஆ ஆல்டர் பண்ணணும். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா ஸ்டார்ட் ஆகும்போதே சண்டை போடும், அந்த செக்க ஆஃப் பண்ணிட்டு ஓட்டினா ஐடி இடிக்கும்.

ஐம்பதுக்கு ஒரு தடவ ஃப்ளஷ், கிளியர் (டேட்டாபேஸுக்கு அனுப்பிட்டு செஷன காலி பண்ணு). இல்லைன்னா ஏத்தினது எல்லாம் செஷன்லயே உக்காந்திருக்கும், போகப் போக மெதுவாகும்.

ஜூன் 6

முதல் நாள் கேள்விக்குத் திரும்பி வர்றேன். உன் கூட வேலை பாக்குறவரு சொன்னதுல பாதி நியாயம் இருக்கு தம்பி, அத நான் அன்னைக்கு சட்டுனு தள்ளிட்டேன். டெய்லி ரிப்போர்ட்டுக்கு என்டிட்டியே தேவையில்ல. யாரும் அதுல எதையும் மாத்தப் போறதில்ல, படகு பேரு, மொத்த கிலோ, மொத்தத் தொகை, அவ்வளவுதான். குரூப் பை போட்ட ஒரே எஸ்கியூஎல், அத ஒரு ரெக்கார்டுல வாங்கிக்க. இத அவரையே எழுதச் சொல்லு, எஸ்கியூஎல் நல்லா வரும்னுதானே சொன்ன. சீட்டு போடுறது, திருத்துறது, முன்பணம் எல்லாம் ஹைபர்நேட்லயே இருக்கட்டும், வெர்ஷன் செக்கும் நார்மலைசரும் அங்கதான் வேணும்.

இன்னொரு லாபமும் இருக்கு. போன வாரம் சில சம்மாட்டி பேருக்குப் பின்னால ஊர் பேரு ஒட்டிக்கிட்டு வந்துச்சுல்ல? பிரிண்டுக்காக ரிப்போர்ட் கோட்ல செட்-நேம் கூப்பிட்டிருக்காங்க, சேவ் பண்ணல, ஆனா டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள இருந்துச்சு. கமிட் ஆகும்போது ஹைபர்நேட் மாறினத பாத்து தானா அப்டேட் போட்டுருச்சு. ரிப்போர்ட் என்டிட்டிய தொடலைன்னா இந்த வழியே அடைஞ்சிடும்.

ஜூன் 19

விசைப்படகு கடலுக்குப் போயாச்சு. ரிப்போர்ட் திறந்ததும் வருதுன்னும், ஸ்டேட்மெண்ட் எண்ணிக்கை ஒத்தை இலக்கம்னும் எழுதியிருக்கான். ரெண்டு தேதியும் சீட்டுல அச்சாகுது, இந்த வாரம் சம்மாட்டிங்க கிட்ட இருந்து தேதிச் சண்டை வரலையாம். ரொம்ப சந்தோஷம்டா தம்பி.

மிச்சம் ஒண்ணுதான். லைவ்ல டிடிஎல்-ஆட்டோ (டேபிள் அமைப்ப ஹைபர்நேட்டே மாத்துற செட்டிங்) அப்டேட்னு இன்னும் இருக்கு பாரு, அத வேலிடேட்னு மாத்து. ஃபீல்டு பேர மாத்தினா அது பழசை அப்படியே விட்டுட்டு காலியா புதுசு ஒண்ணு சேர்க்கும். மாத்தம் எல்லாத்தையும் ஃப்ளைவேல (டேபிள் மாத்தத்த வரிசையா ஓட்டுற கருவி) எழுது. பழைய நேர ஃபீல்ட இப்பவே டிராப் பண்ணாத, ஆடிட் முடியுற வரைக்கும் கிடக்கட்டும்.